மைக்ரோகண்ட்ரோலருக்கு எந்தக் கிளாக்? முதல் போர்டு செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கம் என் மாமாவுக்கு அரை ஏக்கர் மல்லித் தோட்டம். கிணற்று மோட்டாரை ராத்திரி ஒரு மணிக்குப் போட்டு இரண்டரைக்கு நிறுத்த ஒரு டைமர் போர்டு செய்து கொடுத்தேன். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப், ஒரு ரிலே, ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். துல்லியமாகத் துடிப்பதற்காகச் சிப்புக்கு வெளியே வைக்கும் கிரிஸ்டலை வைக்கவில்லை. சிப்பை நடத்தும் துடிப்பைத்தான் கிளாக் என்கிறோம். சிப்புக்குள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக் இருக்கிறது, அது போதும் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து விடிகாலை நாலரை மணிக்கு போன் வந்தது. "மாப்ள, பூப்பறிக்க ஆள் வந்து நிக்குது, பாத்தி பூரா தண்ணி. மோட்டார் இப்பத்தான் நிக்குது!"

இரண்டு மணி நேரம் பிந்திப் போயிருந்தது. சேற்றுக்குள் இறங்கிப் பறித்து முடித்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கூடை போய்ச் சேர்ந்தபோது நல்ல விலை கைநழுவிப் போயிருந்தது. நிரலில் ஒரு தப்பும் இல்லை. கிளாக் நாளுக்கு ஆறு நிமிஷம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதுதான் கோளாறு. அதற்குப் பிறகு போர்டை மூன்று முறை மாற்றி, இரண்டு சிப்பைப் பூட்டி மீட்டு, நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் முதல் மூன்று படிகளையாவது படித்துவிடுங்கள்.

1. இந்தக் கிளாக் யாரோடு ஒத்துப்போக வேண்டும்?

எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். ஒரு தாளில் எழுத வேண்டியது இது: என் சிப்பின் துடிப்பு வெளியே யாருடைய துடிப்போடு ஒத்துப்போக வேண்டும்?

யாரோடும் வேண்டாம் என்றால் வேலை முடிந்தது. தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்து, ஈரம் குறைந்தால் விளக்கைப் போடு, பொத்தானை அமுக்கினால் மணி அடி என்ற மாதிரி வேலைகளுக்குச் சிப்புக்குள் இருக்கும் ஆர்சி (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) கிளாக்கே தாராளம்.

இன்னொரு கருவியோடு சீரியலில், அதாவது ஒவ்வொரு பிட்டாக அனுப்பி, பேச வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து நாலு சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. உங்கள் பக்கம் 2 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி ஃபுல் ஸ்பீடுக்கு 0.25 சதவீதம். வண்டிகளுக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸுக்குக் கிரிஸ்டல் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். வைஃபை உள்ள இஎஸ்பி32 மாதிரிச் சிப்பில் உங்களுக்குத் தேர்வே கிடையாது. மாட்யூலுக்குள் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைத்தே தருகிறார்கள்.

சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றால் அது தனி ரகம். என் மாமா போர்டு இந்த ரகம். அதை நான் முதல் ரகத்தில் வைத்ததுதான் தப்பு.

2. சதவீதத்தையும் பிபிஎம்மையும் நிமிஷமாக மாற்றுங்கள்

பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு விலகுகிறது என்ற கணக்கு. ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆகவே 1 பிபிஎம் என்றால் நாளுக்கு 0.0864 நொடி. இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில்) உள்ள எல்லா வாக்குறுதியையும் நீங்களே எடைபோடலாம்.

ஏடிமெகா328பி-யின் உள் கிளாக்குக்குத் தயாரிப்பாளர் தரும் உறுதி கூட்டல் கழித்தல் 10 சதவீதம். அதாவது நாளுக்கு 2 மணி 24 நிமிஷம் வரை போகலாம். எனக்குக் கிடைத்த சிப் 0.4 சதவீதத்தில் நின்றது, அதற்கே மூன்று வாரத்தில் இரண்டு மணி நேரம். கிரிஸ்டலுக்குப் பதிலாக வைக்கும் செராமிக் ரெசனேட்டர் சுமார் 0.5 சதவீதம், நாளுக்கு ஏழு நிமிஷம். சாதாரண 20 பிபிஎம் கிரிஸ்டல் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம், வருஷத்துக்கு ஒரு நிமிஷம்.

இதைப் பார்த்ததும் பலருக்கு, ஏடிமெகா சிப்போடு தயாராக வரும் அர்டுயினோ உனோ போர்டு பற்றிச் சந்தேகம் வரும். உனோ ஆர்3 போர்டில் பளபளவென்று தெரிகிற வெள்ளிக் கிரிஸ்டல் யுஎஸ்பி சிப்புக்கு உரியது. நீங்கள் நிரல் எழுதும் ஏடிமெகாவுக்குப் பக்கத்தில் இருப்பது ரெசனேட்டர். அர்டுயினோவில் மில்லிநொடி எண்ணித் தரும் மில்லிஸ் கட்டளையை வைத்துக் கடிகாரம் செய்தவர்களுக்கு மணி ஏன் தவறுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

3. எந்தத் தாளில் எதைப் பார்ப்பது

இரண்டு டேட்டாஷீட் வேண்டும். சிப்பின் தாள் முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும், பயப்படாதீர்கள். உங்களுக்கு வேண்டியது கிளாக் அமைப்பு என்ற அத்தியாயமும், கடைசியில் மின்பண்புகள் பகுதியில் வேகத்துக்கும் வோல்டேஜுக்கும் உள்ள வரைபடமும்தான். ஏடிமெகா328பி 4.5 வோல்ட்டில்தான் 20 மெகாஹெர்ட்ஸ் ஓடும். 2.7 வோல்ட்டில் 10, 1.8 வோல்ட்டில் 4. நடுவில் 3.3 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 13 சொச்சம் வருகிறது. ஆகவே 3.3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வைப்பது வரம்பை மீறுவது. மேஜை மேல் ஓடும். வெயிலில், பேட்டரி இறங்கும்போது எப்போது சறுக்கும் என்று சொல்ல முடியாது. 3.3 வோல்ட் போர்டு என்றால் 8 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிரிஸ்டலின் தாளில் நாலு வரி பாருங்கள்: 25 டிகிரியில் விலகல், வெப்பத்தால் வரும் விலகல், சுமைக் கெப்பாசிட்டன்ஸ் (சரியான எண்ணில் துடிக்கக் கிரிஸ்டல் கேட்கும் கெப்பாசிட்டன்ஸ்), உள் மின்தடை. முதல் இரண்டும் தனித்தனி, இரண்டையும் கூட்ட வேண்டும். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு வாங்குவது நிறையப் பேர் விழுகிற குழி.

4. எதை எடுப்பது

உள் ஆர்சி கிளாக்: காசு இல்லை, இடம் இல்லை, இரண்டு கால் மிச்சம். தூங்கி எழும் பேட்டரி வேலைக்கு இதுதான் சிறந்தது, ஏனென்றால் எழுந்தவுடன் சில துடிப்புக்குள் தயார். கிரிஸ்டலுக்கு ஏடிமெகா 16,384 துடிப்பு காத்திருக்கும். 16 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு மில்லிநொடி, அந்த ஒரு மில்லிநொடியும் பேட்டரியைத் தின்னும். ஆர்சி கிளாக்கின் பலவீனம் வெப்பமும் வோல்டேஜும். சிப்புக்குள் ஆஸ்கேல் என்ற ரெஜிஸ்டரில் உள்ள எண்ணைத் திருத்தி 1 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் மார்கழி ராத்திரியில் திருத்தியது சித்திரை மத்தியானத்துக்குப் பொருந்தாது. மாமா தோட்டத்தில், சிப்போடு சீரியலில் பேசும் ஜிஎஸ்எம் (சிம் கார்டு) மாட்யூலும் வைத்துப் பார்த்தேன். காலையில் ஒழுங்காக வந்த எழுத்துகள் மதியம் பெட்டி சூடானதும் குப்பையாக வந்தன.

செராமிக் ரெசனேட்டர்: மூன்று கால் உள்ளதை வாங்கினால் கெப்பாசிட்டர் உள்ளேயே இருக்கும், நடுக்காலைத் தரையில் சேர்த்தால் போதும். சீரியலுக்குப் போதுமானது, அதிர்வையும் கிரிஸ்டலைவிட நன்றாகத் தாங்கும். மணி காட்ட ஆகாது.

கிரிஸ்டல்: சீரியல், யுஎஸ்பி, கேன், துல்லிய அளவீடு எல்லாவற்றுக்கும். இங்கே எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நொடிக்கு 115200 பிட் என்ற சீரியல் வேகத்துக்கு வகுத்தால் சரியாக வராது. ஏடிமெகாவில் இரட்டை வேக அமைப்பிலேயே 2.1 சதவீதம் தவறும். அதே கிரிஸ்டலில் 9600 என்றால் 0.2 சதவீதம்தான். கல்லூரி லேபில் 8051 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் 11.0592 என்று விசித்திரமான எண் உள்ள கிரிஸ்டலைப் பார்த்திருப்பீர்கள். சீரியல் வேகங்கள் மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்பதற்காகவே அந்த எண். வேகமான சீரியல்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் 11.0592 அல்லது 14.7456 வாங்குங்கள்.

32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல்: கைக்கடிகாரத்தில் இருக்கும் சின்னக் குழல். 32,768 என்பது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு, பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. மின்சாரம் மிகக் குறைவாக எடுக்கும். ஏடிமெகா328பி-யில் இதையும் பெரிய கிரிஸ்டலையும் ஒன்றாக வைக்க முடியாது, இரண்டுக்கும் ஒரே கால்கள். இதை வைத்தால் சிப் உள் ஆர்சியில் ஓட வேண்டும். இந்தக் குழலுக்கு 25 டிகிரிதான் சொந்த வீடு. அங்கிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகும், அதுவும் விலகலின் வர்க்கத்தில். ஒரு டிகிரி வர்க்கத்துக்குச் சுமார் 0.034 பிபிஎம். வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் 60 டிகிரி என்று வையுங்கள்: 35 பெருக்கல் 35, பெருக்கல் 0.034, ஏறக்குறைய 42 பிபிஎம். நாளெல்லாம் அந்தச் சூட்டிலேயே இருந்தால் 3.6 நொடி. நம் ஊருக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

டிஎஸ்3231 மாட்யூல்: கிரிஸ்டலையும் வெப்பமானியையும் ஒரே சிப்புக்குள் வைத்து, 64 நொடிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டிய எந்த வேலைக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மாமா போர்டில் இப்போது இருப்பது இதுவே. முதன்மைச் சிப் ஆர்சியிலேயே ஓடுகிறது, மணியை மட்டும் இதனிடம் கேட்கிறது. மேலே எஸ்என் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எம் என்று முடிவது வேறு வகை, அது 5 பிபிஎம். டிஎஸ்1307 விலை குறைவு, ஆனால் வெப்பத் திருத்தம் கிடையாது.

மாட்யூல் வாங்கியதும் ஒரு வேலை இருக்கிறது. நீல நிறத்தில் வருகிற அந்தப் பரவலான மாட்யூலில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டயோடும், 201 என்று எழுதிய ரெசிஸ்டரும் இருக்கும். அது சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 பேட்டரிக்காக வைத்தது. கடையில் நமக்குக் கிடைப்பதோ சார்ஜ் ஆகாத சிஆர்2032. 5 வோல்ட் கொடுத்தால் அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், பேட்டரி உப்பும், கசியும். அந்த 201 ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்னால் சூடுகாட்டி எடுத்துவிடுங்கள். கடிகாரம் எப்போதும்போல ஓடும்.

5. வாங்குவது: விலையும் நேரமும்

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 8, 12, 16, 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் கேட்டதும் கிடைத்தன. நான் வாங்கியபோது கிரிஸ்டல் ஒன்று 10 ரூபாய்க்குள், 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒரு ரூபாய், டிஎஸ்3231 மாட்யூல் 150 ரூபாய்க்குள், சிப்பில் நிரலை ஏற்றும் யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் 250 ரூபாய் பக்கம். கிரிஸ்டலில் மூன்றோ ஐந்தோ சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றுக்காக மறுபடி பஸ் ஏறுவது நஷ்டம். 14.7456 மாதிரி எண்களுக்கு ஆன்லைனில் சொல்லி மூன்று நாலு நாள் காத்திருக்க வேண்டிவரும். சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் வண்டி போகாது, அந்த வாரத்தில் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கெப்பாசிட்டரில் கவனம். "அண்ணே, இருபத்திரண்டு பிஎஃப் நாலு குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் அவசரத்தில் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் இருந்ததில் 224 என்று எழுதியிருந்தது. அது 0.22 மைக்ரோஃபாரட், பத்தாயிரம் மடங்கு. அதை வைத்தால் கிரிஸ்டல் மூச்சே விடாது. 22 என்றோ 220 என்றோ எழுதியிருந்தால்தான் 22 பிகோஃபாரட். 221 என்றால் 220 பிகோஃபாரட். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் படியுங்கள்.

பெயரோ பார்ட் நம்பரோ இல்லாத உதிரிக் கிரிஸ்டலுக்குச் சுமைக் கெப்பாசிட்டன்ஸ் என்னவென்று கடையில் யாருக்கும் தெரியாது. சிப்பை ஓட்ட மட்டும் என்றால் பரவாயில்லை. மணிக்கு என்றால் தாள் கிடைக்கிற கிரிஸ்டலை மட்டும் வாங்குங்கள்.

6. கெப்பாசிட்டரும் போர்டும்

கணக்கு எளிது. கிரிஸ்டலின் சுமை எண்ணிலிருந்து போர்டின் தடங்களும் சிப் கால்களும் சேர்க்கிற 4, 5 பிகோஃபாரட்டைக் கழியுங்கள், மீதியை இரண்டால் பெருக்குங்கள். 18 என்று போட்டிருந்தால் 13 மீதி, 26 வருகிறது. 27 வையுங்கள். 22 வைத்தாலும் ஓடும், கொஞ்சம் வேகமாக. டிஎஸ்1307-க்கு வெளியே கெப்பாசிட்டரே வைக்கக் கூடாது. உள்ளேயே இருக்கிறது, 12.5 பிகோஃபாரட் குழல் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கிரிஸ்டலைச் சிப்புக்கு ஒட்டியே வையுங்கள், அடியில் வேறு சிக்னல் தடம் ஓட வேண்டாம். சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் 16 மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் ஓடிவிடும். 32.768 குழலை அதில் நம்பாதீர்கள். சால்டர் செய்தபின் ஃப்ளக்ஸ் கறையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துத் துடைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் அந்தக் கறை வழியே மின்சாரம் கசிந்து 32.768 குழல் நின்றுபோகும். எனக்கு ஒரு போர்டு அப்படித்தான் மழைக்கு நின்று வெயிலுக்கு ஓடியது, காரணம் பிடிக்க பத்து நாள் ஆனது.

7. ஃப்யூஸ் பிட்: அவசரப்படக் கூடாத இடம்

எந்தக் கிளாக்கில் ஓட வேண்டும் என்பதைச் சிப்புக்குள் பதித்து வைக்கும் அமைப்புதான் ஃப்யூஸ் பிட். புதுசாக வாங்கிய ஏடிமெகா328பி 16 மெகாஹெர்ட்ஸிலும் ஓடாது, 8-லும் ஓடாது. உள் கிளாக்கை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் வரும். லோ ஃப்யூஸ் மதிப்பு பதினாறடிமானத்தில் 62. இதனால் இரண்டு குழப்பம். ஒன்று, யுஎஸ்பிஏஎஸ்பி வழக்கமான வேகத்தில் பேசினால் சிப் பதில் சொல்லாது, செத்த சிப் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவீர்கள். புரோகிராமரின் வேகம் சிப்பின் கிளாக்கில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். புரோகிராமரை நடத்தும் ஏவிஆர்டூட் மென்பொருளில் -B 10 (பெரிய எழுத்து B) என்று கொடுத்து மெதுவாக்குங்கள், பேசும். இன்னொன்று, நிரலில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் ஒரு நொடித் தாமதம் பதினாறு நொடியாக நீளும்.

லோ ஃப்யூஸில் இ2 என்று எழுதினால் உள் கிளாக் முழு 8 மெகாஹெர்ட்ஸ். எஃப்எஃப் என்றால் 8 முதல் 16 வரை கிரிஸ்டல், நிதானமான தொடக்கம். கை தவறி இ0 என்று அடித்துவிட்டால் சிப் வெளியிலிருந்து துடிப்பு வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும், புரோகிராமருக்கும் பதில் சொல்லாது. என் இரண்டு சிப்பும் இப்படித்தான் பூட்டிக்கொண்டன. ஆகவே எழுதும் வரிசை இது: முதலில் கிரிஸ்டலையும் கெப்பாசிட்டரையும் சால்டர் செய்யுங்கள். பழைய ஃப்யூஸ் மதிப்புகளைப் படித்து நோட்டில் எழுதுங்கள். புது மதிப்பை ஒருமுறை உரக்க வாசியுங்கள். அப்புறம் எழுதுங்கள். ஹை ஃப்யூஸைத் தொடவே வேண்டாம். அதில் ரீசெட் காலை மூடிவிட்டால் 12 வோல்ட் புரோகிராமர்தான் மீட்கும்.

பூட்டிய சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு அர்டுயினோவில் டைமர்1-ஐ வைத்து 9-ஆம் பின்னில் 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை வெளியே விடுங்கள். அந்தக் கம்பியை 28 கால் சிப்பின் 9-ஆவது காலில் கொடுங்கள், இரண்டின் தரையையும் சேருங்கள். புரோகிராமரை மெதுவான வேகத்தில் வைத்து ஃப்யூஸைத் திருத்துங்கள். பத்து நிமிஷ வேலை.

எஸ்டிஎம்32எஃப்103 என்ற வேறு வகைச் சிப் வைத்திருப்பவர்களுக்கு ஃப்யூஸ் தொல்லை இல்லை. எப்போதும் உள் 8 மெகாஹெர்ட்ஸில் எழுந்து, நிரல் சொன்னபிறகுதான் கிரிஸ்டலுக்கு மாறும். அங்கே பொறி வேறு: கிரிஸ்டல் எழவில்லை என்றால் நிரல் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கலாம். காத்திருப்புக்கு ஒரு எல்லை வைத்து, தவறினால் உள் கிளாக்கிலேயே தொடரும்படி எழுதுங்கள். உள் கிளாக்கில் 64 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, யுஎஸ்பி கிடையாது. 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஒன்பதால் பெருக்கினால்தான் 72.

8. பொருத்துவதற்கு முன் சோதனை

மின்துடிப்பைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் கிடைத்தால், அதன் புரோபைக் (தொட்டு அளக்கும் முனையை) கிரிஸ்டல் காலில் வைக்காதீர்கள். புரோபே பத்துப் பதினைந்து பிகோஃபாரட் சேர்க்கும், ஓடுகிற கிரிஸ்டல் நிற்கும், அல்லது எண் மாறும். பதிலாக, ஒரு பின்னை நிரலில் ஆன் ஆஃப் செய்து அதை அளந்து பாருங்கள். டிஎஸ்3231 என்றால் எஸ்கியூடபிள்யூ பின்னில் நொடிக்கு ஒரு துடிப்பு எடுக்கலாம், அந்தப் பின்னை 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிப்பின் பிளஸ் வோல்டேஜோடு சேர்த்தால்தான் வரும்.

ஸ்கோப் இல்லையென்றாலும் போன் போதும். போர்டின் மணியைப் போன் மணியோடு நொடி சுத்தமாக வைத்துவிட்டு, இருபத்திநாலு மணி நேரம் மேஜையில் ஓட விடுங்கள். வித்தியாசத்தை எழுதுங்கள். அடுத்த இருபத்திநாலு மணி நேரம், மூடிய பெட்டிக்குள் வைத்து, அது எங்கே தொங்கப் போகிறதோ அங்கேயே, மொட்டை மாடியானால் மொட்டை மாடியில், மோட்டார் அறையானால் மோட்டார் அறையில் ஓட்டுங்கள். இரண்டாம் நாள் கணக்குதான் உங்களுக்கு உண்மையான கணக்கு. மாமா போர்டில் டிஎஸ்3231 வைத்தபின் அந்த இரண்டாம் நாள் வித்தியாசம் கண்ணால் பிடிக்க முடியாத அளவு இருந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தேன், நாலு நொடி. பூப்பறிக்கிற ஆள் வரும்போது பாத்தி காய்ந்திருக்கிறது.